எண்ணெய் கிணறு இல்லாத 'துபாய்'... ஒன்றரை ஷிப்டில் வளர்ந்த திருப்பூர்!

திருப்பூர்,

சில ஊர்கள் திடீரென்று பணக்கார ஊராகி விடும். என்ன காரணம் என்று கேட்டால், "பூமிக்கு அடியில எண்ணெய் கிடைச்சுதுங்க" என்பார்கள். அசாமில் திக்பாய் என்று ஒரு ஊர். சுற்றிலும் காடு. 1889-ல் அங்கே எண்ணெய் கிணறு தோண்டினார்கள். 1901-ல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. காட்டுக்குள்ளே ஒரு டவுனே முளைத்து விட்டது. நம்ம ஆட்கள் விமானம் ஏறிப் போகும் துபாயும் 1966-ல் எண்ணெய் கண்டுபிடித்த பிறகுதான் வேகம் எடுத்தது.

திருப்பூர் கதையே வேறு. இங்கே மண்ணைத் தோண்டினால் எண்ணெய் வராது. தண்ணீர் வருவதே பெரும்பாடு. எண்ணெய் வேண்டும் என்றால் பக்கத்து காங்கேயத்தில் ஆட்டும் தேங்காய் எண்ணெய்தான் உண்டு! ஆனாலும் இந்த ஊருக்கு 'டாலர் சிட்டி' என்று பெயர். 2024-25 நிதியாண்டில் மட்டும் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு பின்னலாடை ஏற்றுமதி ஆகியிருக்கிறது. நாட்டின் மொத்த பின்னலாடை ஏற்றுமதியில் இது பாதிக்கும் மேல்.

அப்படியானால் இந்த ஊருக்கு எண்ணெயாக இருந்தது எது? இரண்டு விஷயம். ஒன்று, பிழைக்க வந்த மனுஷனின் நேரம். இன்னொன்று, நொய்யல் ஆற்றுத் தண்ணீர். இந்த இரண்டையும் வைத்து ஊர் எப்படி வளர்ந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற விவரம் வருமாறு:-

பருத்தியும் கதரும்

பனியன் வருவதற்கு முன்பே திருப்பூரில் பருத்தி இருந்தது. சுற்று வட்டார கரிசல் காட்டில் விளைந்த பருத்தி, மாட்டு வண்டியில் ஏறி திருப்பூர் சந்தைக்கு வரும். 1860-களில் ரெயில் பாதை வந்ததும் சந்தை பெரிதானது. கொட்டை நீக்கும் ஜின்னிங் பேக்டரிகள் வந்தன. பஞ்சு மூட்டை ரெயில் ஏறியது.

சுதந்திரப் போராட்ட காலத்தில் கதருக்கும் திருப்பூர்தான் முக்கியமான ஊர். 1932 ஜனவரி 10-ந்தேதி இங்கே நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி. கையில் பிடித்த கொடியை விடாமல் விழுந்தார் ஒரு வாலிபர். மறுநாள் உயிர் பிரிந்தது. அவர்தான் கொடி காத்த குமரன். சென்னிமலையில் இருந்து பிழைப்புக்காக திருப்பூருக்கு வந்தவர். ஆக, இந்த ஊரின் பெயரை நாடு முழுக்க கொண்டு போனவரே வெளியூரில் இருந்து வேலைக்கு வந்தவர்தான். ரெயில் நிலையம் பக்கத்தில் இருக்கும் அவரது நினைவகத்தை தினமும் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் கடந்து போகிறார்கள்.

கொல்கத்தாவில் இருந்து வந்த மெஷின்

பனியன் பின்னும் தொழில் முதலில் கொல்கத்தாவில் கொடி கட்டிப் பறந்தது. 1920-களின் நடுவில் அங்கே இருந்து கையால் சுற்றும் பின்னல் மெஷினை திருப்பூருக்கு கொண்டு வந்து தொழில் தொடங்கினார்கள். அப்படித்தான் இந்த ஊரில் முதல் பனியன் கம்பெனி உருவானது.

சூடான ஊர், வெள்ளை பனியன், பக்கத்திலேயே நூல். தொழில் மெல்ல மெல்ல பரவியது. 1956-ல் தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர்கள் 'சைமா' சங்கத்தை தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் எல்லாமே உள்நாட்டு வியாபாரம்தான். வெள்ளை கை வைத்த பனியன், கை இல்லாத பனியன், ஜட்டி. அவ்வளவுதான்.

மழை பொய்த்து தோட்டத்தில் வருமானம் குறைந்த விவசாயக் குடும்பத்து பையன்கள் பலர் அப்போது பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தார்கள். மெஷின் அடியில் படுத்துத் தூங்கி தொழில் கற்றுக்கொண்டார்கள். சொந்தக்காரர்களிடம் கைமாத்து வாங்கி, தோட்டத்தில் கொஞ்சம் விற்று, இரண்டு மெஷின் போட்டார்கள். இப்படி தொழிலாளியாக வந்து முதலாளி ஆனவர்கள் திருப்பூரில் ஏராளம். "நேத்து வரைக்கும் டெய்லர்... இன்னைக்கு கம்பெனி ஓனர்" என்ற பேச்சு இந்த ஊரில்தான் அதிகம். இன்றைக்கும் வெளியூர்க்காரர்களை இழுப்பது இந்த ஆசைதான்.

இத்தாலிக்காரர் வந்த பிறகு...

திருப்பூரின் தலையெழுத்து மாறியது 1978-ல். இத்தாலி நாட்டைச் சேர்ந்த வெரோனா என்ற இறக்குமதியாளர், மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலமாக இங்கே வந்தார். அவருக்கு வேண்டியது வெள்ளை டி-சர்ட். உள்ளே போடுகிற பனியனை வெளியே போடுகிற சட்டையாக்கி வெள்ளைக்காரன் காசு கொடுக்கிறான் என்பதே அன்றைக்கு ஊருக்கு அதிசயம். 1981-ல் 'சி அண்ட் ஏ' என்ற ஐரோப்பிய கடை நிறுவனமும் வந்தது.

அதன் பிறகு நடந்ததை கணக்கு சொல்லும். 1985-ல் ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபாய். 1990-ல் அதுவே சுமார் 300 கோடி. அதே 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கியது. 2007 வாக்கில் பத்தாயிரம் கோடி ரூபாய் அளவுக்கு போய் விட்டது. எந்த எண்ணெய் ஊரும் வெட்கப்படும் வேகம்!

ஜனத்தொகையும் அதே வேகத்தில் ஏறியது. 2001 கணக்கெடுப்பில் திருப்பூர் நகராட்சியில் சுமார் மூன்றரை லட்சம் பேர். 2008-ல் மாநகராட்சி ஆனது. 2009 பிப்ரவரியில் கோவை, ஈரோடு மாவட்டங்களைப் பிரித்து தனி மாவட்டம் வந்தது. 2011-ல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சுற்றுப்புற ஊராட்சிகளும் மாநகராட்சியோடு சேர்ந்தன. அந்த எல்லைக்கு 2011 கணக்குப்படி ஜனத்தொகை எட்டே முக்கால் லட்சம்!

ஒரு டி-சர்ட்டுக்கு எத்தனை கை?

வெளியூர்க்காரர்கள் திருப்பூருக்கு வந்தால் ஒரு பெரிய மில்லைத் தேடுவார்கள். அப்படி ஒன்று கண்ணில் படாது. ஏனென்றால் இங்கே ஊரே ஒரு மில். வேலையைத் துண்டு துண்டாக வெட்டி தெருத்தெருவாக பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

நூல் மூட்டை முதலில் நிட்டிங் கம்பெனிக்கு போகும். வட்டமாக சுற்றும் மெஷினில் துணி குழாய் மாதிரி இறங்கும். அது சாயப்பட்டறைக்கு போகும். பிறகு சுருக்கம் வராமல் இருக்க காம்பேக்டிங். அப்புறம் கட்டிங் டேபிள். அங்கிருந்து பவர்டேபிள் யூனிட். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று மெஷினுக்கு மெஷின் வேலை மாறும். பிரிண்டிங் ஒரு தெருவில், எம்பிராய்டரி இன்னொரு தெருவில். கடைசியாக செக்கிங், அயர்னிங், பேக்கிங். அட்டைப் பெட்டி லாரியில் ஏறி தூத்துக்குடி துறைமுகத்துக்கு போய் கப்பலேறும்.

இதற்கு நடுவில் லேபிள், கைமடித்தல், டேமேஜ், அடுக்கிக் கட்டுதல் என்று எத்தனையோ சில்லறை வேலைகள். பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து டி.வி. பார்த்தபடி பெண்கள் பீஸ் கணக்கில் வெட்டித் தருவார்கள். கட்டிங்கில் விழும் துண்டுகூட வீணாகாது. 'பனியன் வேஸ்ட்' என்று கிலோ கணக்கில் விலை போகும். நாட்டில் எந்த மெக்கானிக் ஷெட்டுக்கு போனாலும் கை துடைக்க இருப்பது அதுதான்.

இந்த சங்கிலிதான் திருப்பூரின் ரோட்டு நெரிசலுக்கும் காரணம். ஒரே துணி ஏழெட்டு இடத்துக்கு அலைகிறது. டி.வி.எஸ். 50-ல் துணி ரோலை குறுக்கே போட்டுக்கொண்டு ஒருத்தர் போவார். பின்னாலேயே 'குட்டியானை' வண்டி ஹாரன் அடிக்கும். குமரன் ரோட்டிலும் புஷ்பா தியேட்டர் பக்கமும் மாலை நேரத்தில் மாட்டியவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை!

சங்கிலியால் லாபம் என்ன? சின்ன முதலில் தொழில் தொடங்கலாம். பத்து மெஷின் இருந்தால் போதும், ஜாப் ஒர்க் பிடிக்கலாம். நஷ்டம் என்ன? ஆர்டர் குறைந்தால் முதல் அடி கடைசிக் கண்ணிக்குத்தான். வெளிநாட்டு கடைக்காரன் விலையைக் குறைத்தால் ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க் ரேட்டைக் குறைப்பார். அவர் குறைத்தால் கான்டிராக்டர் பீஸ் ரேட்டைக் குறைப்பார். கான்டிராக்டருக்கும் கீழே இருக்கும் டெய்லர் யாரிடம் போய் குறைப்பது?

"ஒன்றரையா... ரெண்டா?"

திருப்பூரில் சாயங்காலம் டீக்கடையில் ரெண்டு பேர் சந்தித்தால் கேட்கும் கேள்வி இது. வெளியூர்க்காரருக்கு விளங்காது. இது ஷிப்ட் கணக்கு.

காலை எட்டரை மணிக்கு உள்ளே போய், சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே வந்தால் ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை, ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். நடுராத்திரி தாண்டினால் ரெண்டு. ஏற்றுமதி தேதி நெருங்கி விட்டால் ரெண்டு ஷிப்ட் சர்வ சாதாரணம். நேரம் தவறினால் சரக்கை கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்ப வேண்டும், அதன் செலவு லாபத்தையே விழுங்கி விடும் என்பார்கள் முதலாளிகள். அதனால் ராத்திரி ஒரு மணிக்கும் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் விற்பனையாகிற ஊர் இது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஷிப்ட் சம்பளம். கூடுதலாக நாலு மணி நேரம் பார்த்தால் அரை ஷிப்ட் சம்பளம் சேர்த்து 'ஒன்றரை'. கேட்க சரியாகத்தான் இருக்கும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்பு சம்பளம் தர வேண்டும் என்கிறது. அப்படிப் பார்த்தால் நாலு மணி நேர ஓவர்டைமுக்கு எட்டு மணி நேர சம்பளம் வர வேண்டும். அதாவது 12 மணி நேரம் வேலை பார்த்தவருக்கு ரெண்டு ஷிப்ட் காசு! சில கம்பெனிகளில் மூன்று, மூன்றரை மணி நேரத்துக்கே அரை ஷிப்ட் போட்டுக் கொடுப்பார்கள். அப்போதும் இரட்டிப்பு வராது.

ஒருத்தருக்கு இது சின்ன கணக்கு. லட்சக்கணக்கான பேர், நாற்பது வருஷம் என்று பெருக்கிப் பாருங்கள். திருப்பூரின் எண்ணெய் கிணறு எங்கே இருக்கிறது என்று புரிந்து விடும். விற்கிற விலை வெளிநாட்டில் முடிவாகிறது. நூல் விலை சந்தையில் முடிவாகிறது. இழுத்துப் பிடிக்க முடிந்தது மனுஷனின் நேரத்தை மட்டும்தான்.

தொழிலாளிகளும் சும்மா இருக்கவில்லை. 1984-ல் பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. நாலு மாதத்துக்கும் மேல் அடுப்பு எரிய வழியில்லாமல் இருந்து போராடினார்கள். அதன் பிறகுதான் ஒரே கூரைக்கு கீழே எல்லாரையும் வைத்து நடத்துவதை விட, வேலையைப் பிரித்து வெளியே கொடுப்பது ஊரில் அதிகமானது. ஆட்கள் சிதறினால் சங்கம் சேர்ப்பது கஷ்டம் அல்லவா?

ஆனாலும் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடும் பழக்கம் இங்கே தொடர்கிறது. 2021-ல் போட்ட ஒப்பந்தத்தில் நாலு வருஷத்துக்கு சேர்த்து 32 சதவீத உயர்வு முடிவானது. கட்டிங், டெய்லர் தொடங்கி அடுக்கிக் கட்டுதல் வரை ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ரேட் உண்டு. பிரச்சினை என்னவென்றால், கான்டிராக்டரிடம் பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர்களில் பலருக்கு அந்த ஒப்பந்தத் தாள் கண்ணிலேயே படுவதில்லை.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் சட்டத் திருத்தம் தமிழக சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார்கள். மற்ற ஊர்களில் அது பெரிய செய்தி. திருப்பூரில் பலர் சிரித்துக் கொண்டார்கள். "நாங்க எப்ப எட்டு மணி நேரம் பார்த்தோம், புதுசா பன்னெண்டு ஆக்கறதுக்கு?" என்பதுதான் அந்த சிரிப்புக்கு அர்த்தம்.

பஸ்சில் வந்தவர்களும் ரெயிலில் வந்தவர்களும்

முதலில் வந்தவர்கள் பஸ்சில் வந்தார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சாவூர், சேலம், விழுப்புரம் என்று தமிழ்நாட்டின் எல்லா மூலையில் இருந்தும் வந்தார்கள். மழை பெய்யாத வருஷம் திருப்பூர் பஸ்சில் கூட்டம் கூடும். கடன் பட்டவர்கள், வீட்டை எதிர்த்து காதல் கல்யாணம் செய்தவர்கள், பத்தாவது பெயிலானவர்கள்... எல்லாரையும் இந்த ஊர் எடுத்துக் கொண்டது. யார், என்ன சாதி என்று கேட்பதற்கு முன்னால் "ஓவர்லாக் தெரியுமா?" என்று கேட்ட ஊர் இது.

பிறகு வந்தவர்கள் ரெயிலில் வந்தார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம், உத்தரபிரதேசம். ஜார்க்கண்டில் இருந்து வரும் தன்பாத்-ஆலப்புழா எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நின்றால், பையோடு இறங்குகிறவர்களைப் பார்த்தாலே ஊரின் நிலவரம் தெரிந்து விடும். ஆர்டர் நன்றாக இருந்தால் இறங்குகிறவர்கள் அதிகம். ஆர்டர் இல்லை என்றால் ஏறுகிறவர்கள் அதிகம்.

கம்பெனி கேட்டில் தொங்கும் 'ஆட்கள் தேவை' போர்டில் இப்போது தமிழோடு இந்தியும் இருக்கிறது. மளிகைக் கடை அண்ணாச்சியும் நாலு வார்த்தை இந்தி பேசுகிறார். வட மாநிலப் பிள்ளைகள் "அக்கா, ஏக் டீ" என்று பாதி தமிழில் கேட்கிறார்கள்.

உரசலும் இல்லாமல் இல்லை. 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்களை தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. பயந்து போய் பலர் ஊருக்கு கிளம்பினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவே திருப்பூர் வந்து விசாரித்தது. செய்தி பொய் என்று தெரிந்தது. ஆனால் அந்த சில நாட்களில் மெஷின்கள் காலியாக இருந்ததைப் பார்த்தபோதுதான், இந்த ஊர் யாருடைய கையில் ஓடுகிறது என்பது பலருக்கு உறைத்தது.

லைன் வீடும் குடத் தண்ணியும்

ஆள் வந்து விட்டார்கள். எங்கே தங்குவது? ஊருக்கு கிடைத்த விடை 'லைன் வீடு'. ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக பத்துப் பதினைந்து வீடு. ஒரு ரூம், ஒரு சமையல் மூலை. கக்கூசும் பாத்ரூமும் எல்லாருக்கும் பொது. காலை ஏழரை மணிக்கு அங்கே நிற்கும் வரிசை ரேஷன் கடை வரிசையை விட நீளம்.

வாடகையில் இருந்தும் ஒரு வர்க்கம் வளர்ந்தது. மழையை நம்பிய தோட்டத்துக்காரர், காட்டை சைட் போட்டார். லைன் வீடு கட்டினார். மாதாமாதம் வருமானம் வந்தது. இன்னொரு பக்கம் தொழிலாளியின் சம்பளத்தில் பெரும் பங்கு வாடகைக்கும் அட்வான்சுக்கும் போனது. கம்பெனி விடுதியில் தங்கினால் வாடகை மிச்சம். ஆனால் கேட் பூட்டு யார் கையில் என்ற கேள்வி வரும். ஸ்பின்னிங் மில்களில் மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக பணம் என்று சொல்லி இளம் பெண்களைச் சேர்த்த 'சுமங்கலி' திட்டம் இப்படித்தான் பெரிய சர்ச்சையானது.

தண்ணீர் கதை இன்னும் மோசம். போர் தண்ணி உப்பு. வாயில் வைக்க முடியாது. 'நல்ல தண்ணி' வாரத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிய விஷயம் என்ற காலம் இருந்தது. பவானி ஆற்றில் இருந்து குழாய் போட்டு, தொழிலுக்கும் ஊருக்கும் சேர்த்து தண்ணீர் கொண்டு வரும் சுமார் ஆயிரம் கோடி ரூபாய் திட்டம் 2005 வாக்கில்தான் நடைமுறைக்கு வந்தது. அரசும் தனியாரும் சேர்ந்து தண்ணீர் கொடுக்கும் முதல் பெரிய திட்டம் என்று அப்போது நாடே பேசியது.

கவனித்துப் பாருங்கள். ஏற்றுமதி தொடங்கியது 1978. பெரிய தண்ணீர் திட்டம் வந்தது 2005. தனி மாவட்டம் 2009. அரசு மருத்துவக் கல்லூரி 2022. டாலர் முதலில் வந்தது, மற்றதெல்லாம் முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் வந்தது.

சனிக்கிழமை சம்பளம்... ஞாயிற்றுக்கிழமை ராஜா!

கஷ்டத்தை மட்டுமே சொன்னால் அது பாதிக் கதை. திருப்பூரில் வாரச் சம்பளம்தான் வழக்கம். சனிக்கிழமை ராத்திரி கையில் காசு. ஞாயிற்றுக்கிழமை தொழிலாளிதான் ராஜா! காலையில் கறிக்கடை வாசலில் கூட்டம். மத்தியானம் தூக்கம். சாயங்காலம் தியேட்டர், பழைய பஸ் ஸ்டாண்டு சுற்று வட்டாரக் கடைகள்.

ரெயில் நிலையத்துக்கு பக்கத்தில் காதர்பேட்டை. ஏற்றுமதிக்கு போய் சின்னக் குறையால் திரும்பிய 'செகண்ட்ஸ்' துணிகளும் உள்நாட்டு சரக்கும் குவிந்து கிடக்கும் இடம். கேரளாவில் இருந்தும் தமிழ்நாட்டின் எல்லா ஊரில் இருந்தும் சில்லறை வியாபாரிகள் மூட்டை கட்ட வருவார்கள். ஐரோப்பாக்காரன் பல மடங்கு விலை கொடுத்து போடும் டி-சர்ட்டை, அதைத் தைத்தவர் இங்கே சில நூறு ரூபாய்க்குள் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு முன்னால் ஊரே போனஸ் பேச்சாக இருக்கும். "உங்க கம்பெனியில எத்தனை பர்சென்ட்டு?" என்பதுதான் ஒரு மாதப் பேச்சு. போனஸ் கை வந்ததும் துணி, பட்டாசு, இனிப்பு. அப்புறம் பஸ் ஸ்டாண்டில் விடிய விடிய கூட்டம், சிறப்பு பஸ்கள். பொங்கலுக்கும் அப்படித்தான். அந்த சில நாட்கள் திருப்பூரைப் பார்க்க வேண்டும். மெஷின் சத்தம் இல்லாத ஊர், ஆளே இல்லாத ரோடு. ஊர்க்காரர்கள் எத்தனை பேர், வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தக் கணக்கெடுப்பையும் விட அந்த அமைதி தெளிவாகச் சொல்லும்.

நொய்யல் சொல்லும் சாட்சி

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி காவிரியில் சேருவது நொய்யல். திருப்பூர் எடுத்த இரண்டாவது 'எண்ணெய்' இதுதான்.

துணிக்கு கலர் ஏற்ற சாயம் மட்டும் போதாது. சாயம் நூலில் ஒட்டுவதற்கு உப்பு வேண்டும். கழுவக் கழுவ தண்ணீர் வேண்டும். பழைய முறையில் ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் போனது. அத்தனையும் சாயமும் உப்புமாக ஆற்றில் இறங்கியது. இன்றைக்கு என்ன கலர் ஆர்டர் ஓடுகிறது என்பதை நொய்யலைப் பார்த்தே சொல்லி விடலாம் என்று ஊரில் வேடிக்கையாகப் பேசுவார்கள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஆற்றின் கீழே பாசனத்துக்காக கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் திறக்கப்பட்டது. சில வருஷத்திலேயே அது சாயக் கழிவு தேங்கும் குட்டையானது. எந்த விவசாயிக்காக அணை கட்டினார்களோ, அவர்களே "இந்தத் தண்ணியை திறந்து விடாதீங்க" என்று கெஞ்சும் நிலை. கிணற்று நீர் கெட்டது. தென்னையும் மஞ்சளும் கருகின.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்கு போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை ஐகோர்ட்டு, ஒரு சொட்டு கழிவு நீரும் வெளியே வரக்கூடாது என்று உத்தரவிட்டது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ந்தேதி எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

அன்றைக்கு ஊரே ஸ்தம்பித்தது. சாயம் இல்லை என்றால் கட்டிங் இல்லை, கட்டிங் இல்லை என்றால் தையல் இல்லை. துணி லாரிகள் வேறு ஊர்களைத் தேடி ஓடின. ஆற்றைக் கெடுத்ததில் டெய்லருக்கு பங்கில்லை. ஆனால் வேலை போனது அவருக்கும்தான். சங்கிலியின் குணம் அது.

பிறகு அரசு வட்டியில்லா கடன் கொடுத்தது. பொது சுத்திகரிப்பு நிலையங்களில் புது முறை வந்தது. கழிவு நீரில் இருந்து தண்ணீரைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே எடுக்கிறார்கள். உப்பையும் பிரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். இவ்வளவு பெரிய அளவில் இதைச் செய்த முதல் ஊர்களில் ஒன்று என்று திருப்பூர் இன்று பெருமை பேசலாம். விவசாயிகள் கோர்ட்டு படி ஏறாமல் இருந்திருந்தால் அந்தப் பெருமையும் வந்திருக்காது.

நல்ல அடையாளமும் உண்டு. ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் இருக்கும் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் உலக அளவிலான 'ராம்சார்' பட்டியலிலும் இடம் பிடித்தது. பனியன் ஊரில் வெளிநாட்டுப் பறவைகள்!

அடி மேல் அடி

எண்ணெய் விலை இறங்கினால் எண்ணெய் ஊர் தவிக்கும். திருப்பூருக்கு எந்த திசையில் இருந்து அடி வரும் என்றே தெரியாது. 2008-ல் உலகப் பொருளாதார மந்தம். அதையொட்டி வருஷக்கணக்கில் மின்வெட்டு. 2011-ல் சாயப்பட்டறை மூடல். 2016-ல் பண மதிப்பிழப்பு. ரொக்கத்தில் வாரச் சம்பளம் வாங்கிய ஊரில் சனிக்கிழமை சம்பளமே தடுமாறியது. 2017-ல் ஜி.எஸ்.டி. 2020-ல் கொரோனா. பனியன் தைத்த மெஷினிலேயே முகக்கவசம் தைத்து சமாளித்தார்கள். 2022-ல் நூல் விலை ஏறி, தொழில் அமைப்புகளே வேலைநிறுத்தம் செய்தன.

2025 ஆகஸ்டில் வந்தது அமெரிக்க அடி. இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி என்று அறிவித்து, ஆகஸ்டு 27-ல் அமலுக்கு கொண்டு வந்தார்கள். திருப்பூர் சரக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு போய்க் கொண்டிருந்தது. போட்டி நாடுகளான வங்காளதேசம், வியட்நாமுக்கு அப்போது 20 சதவீதம்தான். வாஷிங்டனில் போட்ட கையெழுத்து வீரபாண்டியில் இருக்கும் பவர்டேபிள் யூனிட்டை ஒரே வாரத்தில் ஒன்றரை ஷிப்டில் இருந்து ஒரு ஷிப்டுக்கு இறக்கக் கூடியது என்பது அப்போது தெரிந்தது.

இங்கேதான் ஒன்றரை ஷிப்டின் இன்னொரு முகம் இருக்கிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், நகைக் கடன் எல்லாவற்றையும் தொழிலாளி ஒன்றரை ஷிப்ட் வருமானத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார். ஆர்டர் குறைந்து ஒரு ஷிப்ட் ஆனால், ஆள் வேலையில்தான் இருக்கிறார். ஆனால் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய் விடுகிறது. வேலை இழந்தோர் கணக்கில் அவர் பெயர் வராது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கவனிக்க...

திருப்பூருக்கு வேலைக்கு வருகிறவர்களும், ஏற்கனவே இருப்பவர்களும் சில விஷயங்களை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

* சேரும்போதே ஷிப்ட் சம்பளமா, பீஸ் ரேட்டா என்று கேளுங்கள். அரை ஷிப்டுக்கு எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள்.

* நடப்பு சம்பள ஒப்பந்தத்தில் உங்கள் வேலைக்கு என்ன ரேட் என்பதை தொழிற்சங்க ஆபீசில் தெரிந்துகொள்ளலாம்.

* ஈ.எஸ்.ஐ., பி.எப். பிடித்தால் அதன் எண்ணை வாங்கி வையுங்கள். கம்பெனி மாறினாலும் பி.எப்.-ன் யு.ஏ.என். எண் மாறாது. பழைய காசை விட்டு விடாதீர்கள். சம்பளத்தில் பிடிக்கிறார்கள், ஆனால் எண் தரவில்லை என்றால் விசாரியுங்கள்.

* கான்டிராக்டரிடம் வேலை பார்த்தால் தினசரி பீஸ் கணக்கை உங்கள் நோட்டிலும் எழுதுங்கள். சண்டை வந்தால் அந்த நோட்டுதான் சாட்சி.

* வீட்டு அட்வான்சுக்கு கையெழுத்துப் போட்ட ரசீது வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கிணறு வற்றினால்?

எண்ணெய் ஊருக்கு ஒரு விதி உண்டு. கிணறு வற்றினால் ஊர் காலி. திருப்பூர் கிணறு வற்றாது என்று பலர் நம்புகிறார்கள். ஒரு ஊரில் இருந்து ஆள் வருவது குறைந்தால் இன்னொரு மாநிலத்தில் இருந்து ஆள் வருகிறார்கள். அதுவும் குறைந்தால் என்ன செய்வது?

நொய்யல் ஒரு பாடம் சொல்லி விட்டது. ஆறு இலவசம் என்று நினைத்து எடுத்தார்கள். கடைசியில் கோர்ட்டு, கடன், சுத்திகரிப்பு நிலையம் என்று கோடிக்கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டி வந்தது. தொழிலாளியின் நேரத்துக்கும் அப்படி ஒரு பில் இருக்கிறது. இடுப்பு வலி, கண் வலி, தகப்பன் முகம் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பார்க்கும் பிள்ளைகள் என்று அது லைன் வீடுகளில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக கட்டப்படுகிறது.

தண்ணீரை மறுபடி மறுபடி சுத்தம் செய்து பயன்படுத்தலாம். போன மணி நேரத்தை அப்படித் திருப்பி எடுக்க முடியாது. கூடுதல் நேரத்துக்கு சட்டப்படி காசு, கக்கூஸ் உள்ள வீடு, பக்கத்தில் பள்ளிக்கூடம். 40 ஆயிரம் கோடி ஏற்றுமதி செய்யும் ஊருக்கு இது பெரிய ஆர்டர் இல்லை. உள்ளூரிலேயே முடிக்கக்கூடிய ஆர்டர்தான்!